மூடிய பூவும் திறந்த பூவும்

கடந்த திங்கட்கிழமை காலை, திருகோணமலை உட்துறைமுக வீதியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குறிஞ்சாக்கேணியிலிருந்து நவ்பர் அழைத்தார். “சேர், உம்மா மவுத்தாகிட்டா. சுபஹு தொழுகைக்குப் பிறகுதான்,” என்றார். சற்று நிறுத்தி, “தோட்டம் இண்டைக்குப் பூத்திரிக்கி. ஒருத்தரும் போகல்ல,” என்றார்.

தாயின் சாவைச் சொன்ன வாயால் மகன் ஏன் பூவைப் பற்றியும் சொன்னார் என்பது, அந்தத் தோட்ட வேலியோரம் நின்று, எல்லோருக்கும் அக்காவான அவர் தாய் ராஹிலா ராத்தாவுடன் கதைத்தவர்களுக்கு விளங்கும்.

நான் அவரை அறிந்தது என் பிழையொன்றினால். மூன்று வருடங்களுக்கு முன் அப்பக்கத்துப் பூசணித் தோட்டங்களில் பிஞ்சுகள் மஞ்சளாகி விழுவதாகத் தகவல் வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டேன். வறட்சி என்றார்கள். அப்படியே எழுதினேன், எங்கள் பத்திரிகையில் பெரிய தலைப்புடன் வந்தது. மறுநாள் ஒரு பெண் தொலைபேசியில் பேசினார்.

“தம்பி, என்ட கிணத்த எட்டிப் பார்த்தீங்களா?”

“இல்லை.”

“அதில தண்ணி இரிக்கி. வந்து பாருங்க.”

போனேன். கிணற்றில் தண்ணீர் இருந்தது. கொடிகள் பச்சையாக, நிறையப் பூத்துக் கிடந்தன. ராத்தா என்னைத் திட்டவில்லை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்று இரண்டையும் காட்டினார். பெண் பூவின் அடியில், அது விரியும் முன்பே ஒரு சிறு பிஞ்சு இருக்கிறது. ஆண் பூவின் மகரந்தம் வந்து சேராவிட்டால் அந்தப் பிஞ்சு வாடி விழுந்துவிடும். மகரந்தம் பசையானது, காற்றில் வராது. தேனீதான் கொண்டுவர வேண்டும். பூ விரிந்திருப்பதோ ஒரேயொரு காலைப்பொழுது.

பிறகு அவர் ஒரு சோதனை செய்தார். மறுநாள் விரியவிருந்த பெண் பூக்களில் ஐந்தைக் கடதாசிப் பைகளால் மூடிக் கட்டினார், எந்தப் பூச்சியும் நுழையாதபடி. ஐந்தைத் திறந்தபடி விட்டார். இன்னும் ஐந்துக்கு, விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, தன் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைத்தார். பைகள் எங்கள் பத்திரிகைத் தாளில் செய்தவை.

“ஏன் ராத்தா, எங்கட பேப்பர்தான் கிடைச்சுதோ?” என்றேன்.

“எழுதினது பிழையெண்டாலும் கடதாசி நல்லம், தம்பி.”

ஒரு வாரம் கழித்துப் போனேன். கை தொட்ட ஐந்தும் பருத்திருந்தன. மூடிய ஐந்தும் விழுந்திருந்தன. திறந்திருந்த ஐந்தும் விழுந்திருந்தன. ராத்தா குனிந்து ஒரு சுருங்கிய பிஞ்சை எடுத்தார்.

“மூடினதும் ஒண்டுதான், திறந்ததும் ஒண்டுதான். அப்ப ஒண்டுமே வரல்ல,” என்றார்.

அப்போதுதான் அங்கிருந்த அமைதியைக் கவனித்தேன். அத்தனை பூக்களுக்கு நடுவே ஒரு ரீங்காரம்கூட இல்லை.

சுற்றியுள்ள தோட்டங்களில் பூ விரிந்திருக்கும் நேரத்திலேயே பூச்சி மருந்து அடிக்கிறார்கள் என்று நான் குறிப்பெடுத்தபோது இடைமறித்தார். “காலையில அடிச்சா வெயிலுக்கு முந்தி வீட்ட வந்திரலாம். நானும் அடிச்சிரிக்கன். அதையும் எழுதுங்க.”

எழுதினேன். உள்பக்கத்தில் ஆறு வரியாக வந்தது. “பிழை பெரிசா வந்திச்சி, திருத்தம் எறும்பு மாதிரி வந்திரிக்கி,” என்றார்.

அன்றிலிருந்து பூக்கும் காலமெல்லாம் விடியலில் அவர் கொடி கொடியாகப் போனார். “தேனீ ராத்தா வாறா” என்று பக்கத்துத் தோட்டத்தார் பகிடி பண்ணினார்கள். “கொட்டுவன், தள்ளி நில்லுங்க” என்பார். அடுத்த போகத்தில் அவர்களும் அவரிடம் கேட்டுப் பழகி அதையே செய்தார்கள். இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதலாமா என்று கேட்டேன். ராத்தாவின் முகம் மாறியது. “வெற்றியா? என்ட கை நிண்டா காயும் நிண்டிரும். முந்தி ஆரு வந்து தொட்ட இதையெல்லாம்?”

கடைசி மாதங்களில் அவரது கை நடுங்கியது. மகரந்தம் பூவில் படாமல் மண்ணில் உதிர்ந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் நடந்தது. அங்கிருந்து நவ்பரும் நானும் தோட்டத்துக்குப் போனோம். அன்று விரிந்த பூக்கள் எல்லாம் மூடித் துவண்டிருந்தன. நவ்பர் கொட்டியாரக் குடாவில் மீன்பிடிப்பவர். “விடிய நான் கடலில நிப்பன், சேர். இனி ஆர் செய்யிற?” என்று கேட்டார்.

ராத்தாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பைகளில் ஒன்று. ‘வறட்சி’ என்ற என் தலைப்பு அதில் முழுதாக இருக்கிறது. உள்ளே மிளகாய்போல வற்றிய ஒரு பிஞ்சு. இன்னொன்று, எழுதும் முன் போய் நின்று பார்க்கும் பழக்கம். திருகோணமலையில் என் வீட்டு வேலியில் பாகல் படர்ந்திருக்கிறது. நேற்றுக் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை அதன் பக்கத்தில் நின்றேன். பூக்கள் திறந்திருந்தன. ஒன்றும் வரவில்லை.