நெஞ்சில் நட்சத்திரம் போட்ட படம்

பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசாயனப் பேரல்களோடு வரும் பாதுகாப்புத் தாளை லேமினேட் செய்து சுவரில் மாட்டுவதும் என் வேலைதான். மாட்டுவேன், படிக்க மாட்டேன். பக்கம் பக்கமாக இங்கிலீஷ். ஆடிட்டுக்கு வருகிறவரும் தாள் தொங்குகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்.

உதிரிபாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ஒரு சால்வென்ட் வரும். அதன் தாளில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மனிதன், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி.

"இதென்னங்க படம்?" என்று கேட்டார் கழுவும் தொட்டியில் நின்ற அண்ணன். அவருக்கு அப்போதுதான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது.

"இருதயக்காரங்க தொடக்கூடாதுன்னு அர்த்தமுங்கண்ணா," என்றேன். பி.காம். படித்த மேதாவித்தனம். யாரிடமும் கேட்கவில்லை. முதலாளியிடம் சண்டை பிடித்து அவரை பேக்கிங்குக்கு மாற்றினேன். அங்கிருந்த அக்காவைத் தொட்டிக்கு அனுப்பினேன். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத உடம்பு அவருக்கு.

"எனக்கென்ன அம்மணி, நெஞ்சு கல்லாட்டமிருக்குது," என்று சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கு முழுக்க என்னை நினைத்து எனக்கே பெருமை.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்காவின் ஒற்றைச் செருப்பு கேட்டருகே கிடந்தது. மற்ற செருப்போடு அவர் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார். கழன்றதே தெரியவில்லையாம். சர்க்கரையாக இருக்கும் என்று டெஸ்ட் எடுத்தோம். இல்லை.

ஒரு திங்கட்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலில் ஊசியால் தொட்டுப் பார்த்தவர், என்ன வேலை என்று விசாரித்துவிட்டு அந்த சால்வென்டின் பாதுகாப்புத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். தாளைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். ஒரு வரியைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினார். அப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன். நீண்ட காலம், திரும்பத் திரும்பச் சுவாசித்தால் நரம்பு மண்டலம் கெடக்கூடும் என்றிருந்தது.

"இந்த நட்சத்திரம் இருதயக்காரங்களுக்கு இல்லீங்க. உள்ள போயி மெதுவா உறுப்பக் கெடுக்கும்னு அர்த்தம். ஆரா இருந்தாலும்," என்றார். உடனே நிறுத்தினாலும் மரமரப்பு கொஞ்ச நாள் கூடிக்கொண்டேதான் போகும் என்றும் சொன்னார். என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

என் தோளைப் பிடித்துப் படியிறங்கிய அக்கா பாதியில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னிக்குத் தொட்டில ஆரு அம்மணி நிக்கறா?"

காலையில் நான்தான் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு வந்திருந்தேன். நிறுத்துவதற்கு முன் பொறுப்பாக விசாரித்தும் இருந்தேன், நெஞ்சுவலி ஏதாவது உண்டா என்று.