அக்கயம்மாவின் ஐந்து நிமிடம்

கொடகேனஹள்ளியில் அக்கயம்மாவைப் போல வேகமாக நடக்க ஆள் கிடையாது. ஐம்பத்துநான்கு வயது. ஒரே ஒரு கறவை மாடு. பால் கேனை இடுப்பில் வைத்துவிட்டால் எதிரில் சம்பந்தி வந்தாலும் நிற்க மாட்டாள். டெய்ரியில் காலை ஏழு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். புருஷன் போன பிறகு மகள் வேதாவதியை பி.காம். வரை படிக்க வைத்தது அந்த ஜன்னல்தான்.

ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே ராகிக் கொல்லைகள். அவற்றின் ஊடே ஒரு பாதை. ரோட்டோரம் டெய்ரி, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி. மூன்று வருஷம் முன்னால் கொல்லைகளை வீட்டுமனை போடும் லேஅவுட்காரர்கள் வாங்கினார்கள். அளவுக்கல் நட்ட மறுநாள், பளபளப்பான ஷூ போட்ட ஒருவன் பாதையில் அவளை நிறுத்தினான்.

"அம்மா, இங்கேருந்து டெய்ரிக்கு எவ்வளவு தூரம்?"

"தூரமா? இங்க நின்னு கூப்பிட்டா அங்க திரும்பிப் பாப்பாங்க. அஞ்சு நிமிஷம்."

அவன் நம்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூட வந்தான். டெய்ரி வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு நிமிஷம் ஐம்பது நொடி.

"இதுக்கே மூச்சு வாங்குதே சாமி. பொண்டாட்டி கடைக்கு அனுப்பினா என்ன பண்ணுவே?" என்று சிரித்தாள். பள்ளிக்கூடம் நாலு, பஸ் நிறுத்தம் ஏழு, ஆஸ்பத்திரி ஒன்பது என்று அவன் கேட்காததையும் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். அன்று அப்படிப் பெருமையாகச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றும்.

அடுத்த மாதம் ரோட்டில் ஆளுயரப் பலகை எழுந்தது. இங்கிலீஷ் எழுத்து. வேதாவதி படித்துக் காட்டினாள்: பள்ளி நாலு நிமிடம், டெய்ரி ஐந்து, பஸ் நிறுத்தம் ஏழு, ஆஸ்பத்திரி ஒன்பது. எல்லாம் நடக்கும் தூரம். "என் நடையைத்தான் பலகையில போட்டிருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள் அக்கயம்மா.

பிறகு வீடுகள் வந்தன. சுற்றி மதில் வந்தது. பாதை மதிலைத் தொடும் இடத்தில் பின் கேட் ஒன்று வைத்தார்கள். இந்த யுகாதிக்கு மறுநாள் அதற்குப் பூட்டு. உள்ளே யாரோ ஒருவரின் சைக்கிள் காணாமல் போய்விட்டதாம். வீட்டு வேலைக்குப் போகும் ஊர்ப் பெண்கள் பதினாலு பேருக்கு மட்டும் பாஸ், எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. அக்கயம்மா கிராமக் கணக்கரிடம் போனாள். "இது வழக்கப் பாதைம்மா, வரைபடத்துல இல்ல" என்று நோட்டை மூடினார்.

மதிலைச் சுற்றி ஏரிக்கரை வழியாகப் போனால் மூன்று கிலோமீட்டர். நாற்பது நிமிடம். முதல் வாரத்திலேயே மூன்று நாள் ஜன்னல் சாத்தியிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி எழுந்திரேன்" என்றான் டெய்ரி செயலாளர்.

"நான் எழுந்துடுவேன். நீ வந்து மாட்டுக்குச் சொல்லு."

திரும்பி வந்த பாலைத் தயிராக்கி எத்தனை வீட்டுக்குத்தான் கொடுப்பது? மாட்டுத் தரகர் இரண்டு தடவை வந்து மாட்டின் முதுகைத் தடவிவிட்டுப் போனார். அவர் கை பட்ட இடத்தை அவள் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

பின் கேட்டின் காவலாளி கெம்பராஜு வேறு யாருமில்லை, அவள் புருஷனின் சித்தப்பா மகன். ஒரு நாள் காலை கேனோடு போய் அவன் முன்னால் நின்றாள்.

"திறடா."

"அண்ணி, சாவி என்கிட்ட இருக்கு. உத்தரவு இல்ல."

"இந்தப் பாதையில கோவணம்கூட இல்லாம ஓடினவன் நீ. தொப்பி வெச்சதும் உத்தரவு கேக்குதா?"

"வேலை போயிடும் அண்ணி. ஒண்ணு செய்ங்க. பி பிளாக்ல ஒரு வீட்ல பாத்திரம் தேய்க்க ஆள் கேக்கறாங்க. சேந்துட்டா பாஸ் குடுத்துடுவாங்க. இப்படியே ஜம்முனு போலாம்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு."

"டெய்ரி எத்தனை மணிக்குடா சாத்தறான்?"

அவன் பூட்டைப் பார்த்தான்.

"என் வழியில நான் நடக்க எவ வீட்டு எச்சில் தட்டையோ கழுவணும். கழுவினாலும் ஏழு மணி ஜன்னலுக்கு எட்டு மணிக்குப் போகணும். நல்லா யோசிச்சிருக்கீங்கடா."

அன்றும் ஜன்னல் சாத்தியிருந்தது. ஏழு லிட்டர் பாலோடு திரும்பும்போது, பலகையின் கீழே வேதாவதி ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

"படி" என்றாள் அக்கயம்மா, பலகையைக் காட்டி.

"எத்தனை தடவைம்மா? பள்ளி, டெய்ரி, பஸ், ஆஸ்பத்திரி."

"நாலு படிச்சே. அஞ்சு வரி இருக்கு. எனக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும்."

"அது ஒண்ணுமில்லம்மா."

"படிடீ."

வேதாவதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டு வேலைக்கு ஆட்கள், மூணு நிமிஷம்."

"யாரு அந்த ஆட்கள்?"

"நாமதான்."

"மூணு வருஷமா ஏன் படிக்கல?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்." பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. "உனக்கா எனக்கான்னு இப்போ தெரியலம்மா. ஆபீஸ்ல எந்த ஊருன்னு கேட்டா, அந்த லேஅவுட் பக்கம்னுதான் சொல்றேன்."

"எழுதினவனுக்கு இல்லாத வெக்கம் உனக்கெதுக்கு?" என்றாள் அக்கயம்மா. கேனை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். பலகையில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அதோடு சேர்த்துத் தன் ஊர். மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மூன்று நிமிடத்தில் கிடைக்கும் ஊர்.

அன்று சாயங்காலம் பாஸ் வாங்கிய பதினாலு பெண்களின் வீட்டுப் படியும் ஏறினாள்.

"வேலையை விடச் சொல்லல. நாளைக்கு என்கூட ஏரிக்கரை வழியா நடங்க, அவ்வளவுதான்."

"முட்டி போயிடும்டி" என்றாள் கௌரக்கா.

"என் முட்டி இரும்புல செஞ்சதா?"

மறுநாள் டெய்ரிக்கு ஒரு சுற்று போய் வந்தவள், எட்டு மணிக்குப் பெண்களோடு மறுபடியும் சுற்றினாள். பெரிய ரோட்டுப் பக்கம் இருந்த முன் கேட்டில் அவர்களை விடவில்லை. பாஸில் 'பின் கேட்' என்றுதான் போட்டிருந்தது. எல்லாரும் நிழலில் உட்கார்ந்தார்கள். ஒன்பது மணியிலிருந்து போன்கள் அலறின. "வந்துக்கிட்டே இருக்கேன் மேடம்" என்றாள் கௌரக்கா, காலை நீட்டியபடி. "நடக்கிற தூரம்தானே!" பெண்கள் சிரித்த சிரிப்பில் காவலாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று நாள் இப்படி. பின் கேட்டை எல்லாருக்கும் திறந்தால்தான் வேலைக்கு வருவோம் என்று கௌரக்கா போனில் சொல்லிவிட்டாள். நாலாம் நாள் காலை ஆறு மணிக்குப் பின் கேட் திறந்திருந்தது. கெம்பராஜு கையில் நோட்டு.

"எந்த வீட்டுக்குப் போறீங்கன்னு எழுதணும் அண்ணி."

"எந்த வீட்டுக்கும் போகல."

"கட்டத்தை காலியா விடக்கூடாதாம்."

"அப்போ என் மாட்டோட பேரை எழுதிக்கோ."

உள்ளே நடந்தாள். பூட்டியிருந்த சமயத்தில் பாதை இருந்த இடத்தில் நீச்சல் குளம் ஒன்று வெட்டியிருந்தார்கள். அதைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருந்தது. டெய்ரிக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம். ஜன்னல் திறந்திருந்தது, பால் ஊற்றினாள். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"ரெண்டு நிமிஷம் கூட ஆகுது" என்றாள் திரும்பி வந்து, கெம்பராஜுவிடம். "குளம் வெட்டினவன்கிட்டச் சொல்லு, பலகையில மாத்தி எழுதச் சொல்லு."

"அதான் திறந்துட்டாங்களே அண்ணி. இன்னும் என்ன கோபம்?"

"சாவி யார்கிட்டடா இருக்கு?"

கெம்பராஜுவின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு காலிக் கேனோடு, யாருக்கும் நிற்காமல், அதே வேகத்தில் வீட்டுக்கு நடந்தாள்.