இதயப் பாடம் வரும் பருவம்

நெக்கானேயை எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘எலும்பு டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைக் கட்டியவர் அவளுடைய அண்ணன் காஸ்பர். நாற்பதைத் தாண்டிய பிறகு நர்ஸ் படிப்புக்காக ஊர்க் கல்லூரியில் சேர்ந்தவளுக்கு, உடற்கூறியல் பாதிதான் முடிந்திருந்தது. எலும்பு, தசை, நரம்பு எல்லாம் முதல் செமஸ்டர். இதயமும் ரத்தமும் இரண்டாவதில். அது ஜனவரியில் தொடங்கும். பிப்ரவரி கடைசியில் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிடும். எங்கள் ஐடஹோ மாநிலத்தில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு அப்புறம் ஒரு மாதம் தூக்கமே கிடையாது, இதில் கல்லூரி எங்கே போவது? ஆகவே வருஷா வருஷம் ஆகஸ்டில் போவாள், கிறிஸ்துமஸோடு நிறுத்திவிடுவாள். எல்லாப் பாடத்திலும் முன்பாதி மட்டும் கையில் இருந்தது.

“மூட்டு வலின்னா என் தங்கச்சிகிட்ட போங்க. நெஞ்சு வலின்னா வேற ஆளப் பாருங்க” என்பார் காஸ்பர், மாதா கோயில் கூடத்தில் சீட்டுக் கலைத்துக்கொண்டே. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டில் மட்டும் இந்தக் கேலியை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

காரணம் இருந்தது. அப்பா இறந்தது ஆடுகள் குட்டி போடும் கொட்டகையில்தான். அன்றைக்கு ஒரு குட்டி கழுத்து மடங்கிச் சிக்கிக்கொண்டது. காஸ்பர் கை பெரிசு, உள்ளே போகாது. அந்த வேலைக்கு எப்போதும் நெக்கானேதான். குட்டியை உயிரோடு இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அப்பா மார்பைப் பிடித்தபடி வைக்கோலில் சாய்ந்திருந்தார். அவள் அவர் முதுகைத் தடவினாள், முகத்தைத் துடைத்தாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பனியில் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றத் தெரிந்த கைக்கு அப்பாவைக் காப்பாற்றத் தெரியாமல் போயிற்றே என்ற வேதனை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் படிக்கப் போனாள்.

இப்படி இருக்கையில், வரும் செப்டம்பரிலிருந்து செமஸ்டர் கிடையாது, காலாண்டுதான் என்று கல்லூரி அறிவித்தது. கோடையைக் கழித்தால் படிப்புக்கு மூன்று பருவம். கூடப் படித்த சின்னப் பிள்ளைகள், மூச்சு விடுவதற்குள் பரீட்சை வந்துவிடும் என்று முணுமுணுத்தார்கள். நெக்கானேக்கோ நம்பிக்கை பிறந்தது. குளிர்காலப் பருவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் படித்தால் போதுமே.

சேர்க்கை அலுவலகத்தில் வேர்னா என்ற அம்மாள் புதிய பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“உங்க பழைய பாதிக்கு முதல் பருவத்தைக் கழிச்சுக்கலாம்மா. நடுவுல உள்ளத படிச்சே ஆகணும். அதுலதான் இதயம் வருது. மார்ச் நடுவுல பரீட்சை.”

“நடுவுல உள்ளத வேற எப்பவாச்சும் நடத்துவீங்களா?”

“குளிர்காலத்துல மட்டும்தாங்க. வசந்த காலத்துல வர்ற கடைசிப் பகுதிய அடுத்த வருஷம்கூட வச்சுக்கலாம்.”

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். “படிப்ப விட்டுடலாம்னு இருக்கேண்ணே. எத எப்படி வெட்டினாலும் எனக்கு வேண்டியது ஈத்துக் காலத்துலயே வந்து உக்காந்துக்குது.”

காஸ்பர் பீன்ஸ் சூப்பில் ரொட்டியைப் பிட்டுப் போட்டார். “உன் கை இல்லாம என்னால ஒண்ணும் முடியாது” என்றார். விடு என்றும் சொல்லவில்லை, படி என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் கடைசியில் தேவதூதரான மிக்கேல் சம்மனசின் திருநாள். பூசை முடிந்து வந்ததும் கிடாக்களைத் தாய் ஆடுகளோடு விடுவது அப்பாவின் வழக்கம். சேர்ந்து ஐந்து மாதத்தில் குட்டி. அப்பா காலமான பிறகும் காஸ்பர் அந்தத் தேதியை மாற்றியதில்லை. ஒருமுறை காய்ச்சலோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார். உபவாசத்தைக்கூட இவ்வளவு கண்டிப்பாக அவர் அனுசரித்து நான் பார்த்ததில்லை.

நெக்கானே பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். காஸ்பர் இரண்டாவது காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். பட்டியில் கிடாக்கள் கதவை முட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணே, கதவத் திறக்கல?”

“அடுத்த மாசக் கடைசியில திறக்கலாம். மார்ச் கடைசிலதான் குட்டி விழும். அதுக்குள்ள உன் பரீட்சை முடிஞ்சிரும்ல?”

“குட்டியெல்லாம் சின்னதா இருக்குமே. சந்தையில எடை நிக்காதே.”

“நிக்காது.”

“அடுத்த வருஷம்?”

“பழைய தேதி. நீ வசந்த காலத்துல போய் மிச்சத்தப் படி. கல்லூரிக்காரன் காலண்டர மாத்துவான், நான் மாத்தக்கூடாதா?”

“இது அப்பா வச்ச நாள்ணே.”

காஸ்பர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“அன்னைக்கு அப்பாவுக்கு உள்ள என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது, நெக்கா. நீ போய்ப் படிச்சிட்டு வந்து சொல்லு.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள்.