யாரோ பாடியது அல்ல

மலேசியாவில், தங்காக்கில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டது. சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, பத்தொன்பது வயதில் நானே கட்டி நானே பாடிய நலங்குப் பாட்டு.

"மாப்பிள்ளை மூக்குல மஞ்சளப் பூசு, மாமியார் வந்தா மெதுவாப் பேசு" என்று பெண்கள் எல்லாரும் கூடவே பாடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேராகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த தம்பியிடம் போய், "இது நான் பாடுனது தம்பி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பழைய தோட்டத்துப் பாட்டுக்கா. யாரோ பாடுனது. நான் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன், பாருங்க."

கைப்பேசியைக் காட்டினார். பாட்டுக்குக் கீழே 'நாட்டுப்புறப் பாடல், பாடியவர் தெரியவில்லை' என்று இருந்தது.

"அந்த யாரோ நான்தான்."

"சரிக்கா" என்று சிரித்தார். "போன மாசம் உலு திராம்ல ஒரு ஆன்ட்டியும் இப்படித்தான் சொன்னாங்க லா."

எனக்கு வந்த கோபத்தில் அன்று விருந்துச் சாப்பாடு இறங்கவில்லை. பெற்றவள் குத்துக்கல்லு மாதிரி எதிரில் நிற்கிறேன், பிள்ளையை அநாதை என்கிறார்கள்.

தப்பு என் மீதும் இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன். எங்கள் பக்கத்தில் பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரை வைப்பார்கள். நானும் வைத்திருந்தேன். எங்கள் இசைக்குழு அதைக் கேசட்டில் பதிவு செய்தபோது, குழுவை நடத்தியவர், "பொம்பளப் புள்ள பேரு பாட்டுல எதுக்கு? நாளைக்குக் கல்யாணம் ஆக வேணாமா?" என்றார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு அந்த அடியை விட்டுவிட்டுப் பாடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் முதலிடம் இதற்குத்தான். கேசட் அட்டையிலும் குழுவின் பெயர் மட்டுமே இருந்தது. குழு கலைந்தது, அவரும் போய்ச் சேர்ந்தார். என்னிடம் இருந்த ஒரே கேசட்டைச் சிகாமட் வெள்ளம் கொண்டுபோனது. யாரோ ஒருவர் தன் கேசட்டைக் கணினிக்கு மாற்றியிருக்கிறார், இன்னொருவர் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். அதன் பிறகு ஊர் உலகமே இறக்கிக்கொண்டது.

பாட்டு இருக்கும் தளத்துக்கு எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். ஒப்பந்தம் உண்டா, ரசீது உண்டா என்று ஒரு படிவம். என் தொண்டையைக் கழற்றியா அனுப்ப முடியும்? மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. எழுதியது மனிதர் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

"விடு, புதுசாப் பாடி நீயும் அதுலயே ஏத்திவிடு" என்றார் என் கணவர். அவர் பேச்சைக் கேட்டேன். பாடி ஏற்றினேன். இரண்டாம் நாள், இது வேறொருவரின் பாட்டைப் போல் இருப்பதாகச் சொல்லி நீக்கிவிட்டார்கள். என் பாட்டை நானே திருடிவிட்டேனாம்!

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். கோப்பில் இருக்கும் பெயரை எவன் வேண்டுமானாலும் ஒரு விரலால் அழித்துவிடுவான். அழிக்க முடியாத இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும். இசைத்தட்டு போடப்போகிறேன் என்றேன்.

"தட்டா? யாரு வீட்டுல அதப் போட்டுக் கேக்க மெஷின் இருக்கு?"

"நம்ம வீட்டுலயே இல்ல. அதுக்கென்ன?"

"நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலு" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார்.

ஜொகூர் பாருவில் பழைய கடைவீதியில் ஒரு சீன இளைஞர் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஆலையில் தட்டு அச்சடித்தும் வாங்கித் தருவார். நூறுக்குக் குறைந்து செய்ய மாட்டார்களாம். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொண்டோம். இப்போது தட்டு வாங்குகிற இளசுகளில் பாதிப் பேருக்குப் போட்டுக் கேட்க இயந்திரம் கிடையாது, சுவரில் மாட்டி அழகு பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். மாட்டட்டும், பெயர் இருக்கிற பக்கம் வெளியே தெரிந்தால் எனக்குப் போதும் என்றேன். "போலே, காக்" என்று தலையாட்டினார். முடியும் அக்கா என்றார். எத்தனையோ மாதங்களாக எல்லா வாயிலும் முடியாது, கிடையாது என்றே கேட்டுவந்த எனக்கு அந்த ஒரு சொல் இனித்தது.

சமையலறை அலமாரி மாற்றுவதற்காக ஒதுக்கிய பணம் இதற்குப் போனது. பழைய அலமாரிக் கதவு இன்றைக்கும் சாத்தாது. சாத்தாவிட்டால் போகிறது.

பாட்டை மறுபடி பதிவு செய்தபோது விட்டுப்போன அடியைச் சேர்த்தேன். "கட்டிப் பாடுன பொண்ணு யாரு?" என்று கேட்டு, அடுத்ததாக என் பெயர் வரும். ஒலிப்பதிவு செய்தவர் தயங்கித் தயங்கி, "பொண்ணுன்னே பாடப்போறீங்களா ஆன்ட்டி?" என்றார். ஆமாம், பொண்ணுதான் என்றேன். என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வேண்டுமென்றால் தட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டுகள் வந்தன. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு பிடிக்கும் சின்னத் தட்டு. நடுவில் ஒட்டிய தாளில் என் பெயர், கொட்டை எழுத்தில். உலு திராமில் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை வெளியீடு வைத்தேன். கடைக்காரர் இயந்திரத்தை இரவல் தந்தார். ஒலிபெருக்கிக்கு அந்தத் தங்காக் தம்பியையே கூப்பிட்டேன். யாரோ என்று சொன்ன வாய் என் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

என் கணவரின் அக்கா ஒருவர் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார். கார், துணி துவைக்கும் இயந்திரம், சோறு வேகவைக்கும் மின்சாரச் சட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. நான் வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த நேரத்தில், போடுவதற்காகத் தாம்பாளத்தில் வைத்திருந்த தட்டை எடுத்து, நடுத்தாளைச் சுற்றி நான்கு பக்கமும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். நான் வந்து பார்ப்பதற்குள் சந்தனம் காய்ந்தே போயிருந்தது.

"அய்யோ அண்ணி, அது ஊசி ஓடுற இடம்!"

"இருக்கட்டுமே. மங்களம்தானே? தொடைக்காத."

துடைத்தேன். முந்தானையால் மூன்று பொட்டு போனது, நான்காவது பள்ளத்தில் இறுகிப்போய் வரவில்லை. வேறு தட்டு எடுக்கலாம் என்பதற்குள் மைக்கில் என் பெயரை அறிவித்துவிட்டார்கள். அந்தத் தம்பிதான் அறிவித்தார். முழுப் பெயர், அப்பா பெயரோடு. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

ஊசியை வைத்தேன். பாட்டு நன்றாகத்தான் போனது. மஞ்சள் பூசினார்கள், மாமியாரைக் கிண்டல் செய்தார்கள். கடைசி அடி வந்தது. "கட்டிப் பாடுன பொண்ணு யாரு?" என்று கேட்டு என் பெயரைச் சொன்னதும், நடுத்தாளை ஒட்டியிருந்த அந்தச் சந்தனத்தில் ஊசி இடித்து ஒரு சுற்று பின்னால் குதித்தது. மறுபடி என் பெயர். மறுபடி குதித்தது. மறுபடி என் பெயர்.

அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தாள், நலங்கில் தட்டுகிற அதே கைத்தட்டல். மண்டபம் முழுக்கத் தட்டியது. ஊசி என் பெயரைச் சொல்ல, அவர்களும் என் பெயரைச் சொன்னார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

தம்பி ஓடிவந்து ஊசியைத் தூக்கப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்கக்கா, ஊசி போயிரும். தட்டும் கெட்டுரும்."

"கெடட்டும். இன்னும் தொண்ணூத்தொம்பது இருக்கு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். மண்டபத்தில் இருந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது சொந்தக்காரர்களின் கைப்பேசிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மறுவாரம் முன்பின் தெரியாதவர்கள் இறக்கி, ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தம்பியே கூப்பிட்டு, "அக்கா, இப்ப கல்யாணத்துல அந்த வீடியோத் துண்டத்தான் போடச் சொல்றாங்க" என்றார்.

இறக்கிக்கொள்ளட்டும். யாரையும் தடுக்கப்போவதில்லை. அந்தத் துண்டில் என் பெயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எதை வெட்டுவார்கள் பார்ப்போம்.