மார்கழியில் ஊதிய குடம்

பேட்டைத் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் ஊதும் பட்டறையில் வேணிக்குப் பதினொரு வருஷ வேலை. பழைய மெஷினில் சூடு ஏறிவிட்டதா என்று தண்ணீரைத் தெளித்து, அது சீறுகிற சத்தத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் குடம் ஓட்டை. அதற்குப் பயந்து பிளாஸ்டிக் குருணையை அள்ளிப் போட்டுக் கனமாக ஊதுவார்கள். கோயம்புத்தூர்க் குடமோ குறைந்த குருணையில், குறைந்த விலையில் அம்பாசமுத்திரம் வரை வந்து இறங்கியது.

"சூட்டைத் தானே பாத்துக்கிடுத மெஷின வாங்குங்க அண்ணாச்சி" என்று முதலாளி சிவசண்முகத்திடம் இரண்டு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். ஒருவழியாக வாங்கினார். அது வந்து சேர்ந்தது மார்கழி முதல் தேதி. தை பிறக்காமல் தொடக்கூடாது என்று சாக்கைப் போட்டு மூடிவிட்டார். குடம் வாங்கும் கடைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, மெஷின் சாக்குக்குள் தூங்கியது.

மார்கழி பாதியில் ஒரு மதியம், முதலாளி வீட்டிலிருந்து பட்டறைக்குக் குடிதண்ணீர் வந்தது. பளபளவென்று புதுக் கோயம்புத்தூர்க் குடத்தில்.

வேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக்கை உருவி எறிந்து சுவிட்சைத் தட்டினாள்.

"ஏட்டி, மார்கழியிலயா!" என்று அவர் அலறினார்.

"உங்க வீட்டுக் குடத்த ஊதினவனுக்கும் இதே மார்கழிதான் அண்ணாச்சி!"