சந்தனம் இல்லாத மொட்டை

மலேசியாவின் பீடோங் ஊரில், முடிவெட்டும் கடையில் இன்று ஒரு குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். அந்த வாசனை, இப்போது தாமான் எனும் குடியிருப்பு வீடுகள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும், டீசல் புகையோடு இருட்டிலேயே வந்து நிற்கும் பள்ளி பஸ்ஸுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனது.

அம்மாவின் கருமாதிக்கு மழித்த என் தலையில் சந்தனம் இல்லை. சாவு மொட்டைக்கு யாரும் பூசுவதில்லை. பின்சீட்டுப் பையன்கள் பள்ளி வரும்வரை அதில் மாறி மாறி அடிப்பார்கள், ஒவ்வோர் அடிக்கும் "அம்மா எங்கடா?" என்பார்கள், டிரைவர் அண்ணன் உட்பட பஸ்ஸே சிரிக்கும்.

கோயில் பூசாரியின் மகள் வாசுகி ஒருநாள் வாழையிலையில் சந்தனம் கொண்டுவந்து, பஸ் வருமுன் என் தலை முழுக்கப் பூசினாள். "நேர்த்திக்கடன்னு சொல்லிடு லா. சாமி மொட்டைய அடிக்க மாட்டானுங்க." அந்த விரல்களின் குளிர்ச்சியில் அம்மா செத்ததே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

அப்படியும் அந்தப் பையன்கள் அடித்தார்கள். கையில் ஒட்டிய சந்தனத்தை அவள் கன்னத்தில் அப்பி, "கல்யாணப் பொண்ணுடா" என்றார்கள். மறுநாள் நான் ஏறியதும் முதல் அடி வாசுகியுடையது, எல்லாரையும்விடப் பலமாக, "அம்மா எங்கடா?" என்றபடி.

அதன்பின் அவள் சீட்டைக் கடக்கும்போதெல்லாம் நானாகவே தலை குனிந்து நின்றேன். முடி வளர்ந்து, அவள் அடிப்பதை விட்ட அன்றுதான் அழுதேன்.