மூன்றாம் பாத்தியின் குதிரைவாலி

சென்ற ஆண்டு தை மாதம் பதினெட்டாம் நாள், புதன்கிழமை. அண்ணன் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தட்டை போட்டார். புஞ்சைக் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மண்கலயத்தில் இருந்த விதைக்குப் புது வேப்பிலை போட்டு, வாயைத் துணியால் கட்டினார். கஞ்சி குடித்தார். மதியம் சற்றுத் தலையைச் சாய்ப்பதாகச் சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே, வானம் பார்த்த எங்கள் கரிசல் கிராமத்தில். அப்பா காலமானதும் பள்ளியை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். என்னை அருப்புக்கோட்டையில் படிக்க வைத்தார். மழை தவறத் தவற, பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மில் வேலைக்குப் போனார்கள். மழை பொய்த்தாலும் நிற்கும் குதிரைவாலி ரகம் ஒன்று இருக்கும் என்று அண்ணன் நம்பினார். வீரசோழன், பாலவனத்தம் என்று தெரிந்தவர்களிடம் ஐந்து வகை விதை வாங்கி, ஐந்து பாத்திகளில் பக்கம் பக்கமாக விதைத்தார். எதற்கும் தண்ணீர் விடக்கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. ஆண்டுதோறும் வறட்சியில் கடைசிவரை நின்ற கதிர்களை மட்டும் அரிந்து, மறு ஆண்டுக்கு விதையாக்கினார்.

அண்ணன் இறப்பதற்கு முந்தைய கார்த்திகையில் மழை அறவே இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று கேட்டார்:

"என்னண்ணே, ஃபெயிலான பயிருக்கு டி.சி. குடுத்துருவீகளா?"

"நாலு பேரு ஃபெயிலுதான். ஒருத்தன் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கான்ல," என்றார் அண்ணன்.

அந்த ஒன்று மூன்றாம் பாத்தி. அதுவும் வாடத் தொடங்கியபோது அண்ணி மனம் பொறுக்காமல் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வந்தார். அண்ணன் வழி மறித்தார்.

"ஊத்தாத. தண்ணி ஊத்திப் பொழைக்க வைக்க எல்லாராலயும் ஏலும். இது தானா நிக்குதான்னு பாக்கணும்."

நின்றது. கிடைத்தது ஒரே ஒரு படி. அதுதான் கலயத்தில் இருந்தது.

அண்ணன் இறந்த அன்று, தலைமாட்டில் விளக்கும் படி நிறைய நெல்லும் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் நெல் இல்லை. நான் வாசலில் வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே அண்ணி கலயத்தை அவிழ்த்துப் படியை நிரப்பினார். மாலையில் அந்தப் படி ஊர்வலத்துடன் சென்றது. தானியம் முழுவதும் சிதையில் போடப்பட்டது.

வீடு திரும்பியபின் காலிக் கலயத்தைக் கண்டு கேட்டேன்.

"அவுக அரிஞ்சது அவுகளோடயே போகட்டும்னு வச்சேன் தம்பி. மத்தது மூடையில கெடக்குன்னுல நெனச்சேன்."

மூடையில் கிடந்தது மற்றப் பாத்திகளின் பதர். என் முகத்தைப் பார்த்தே அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் அண்ணி காட்டுப்பக்கம் போவதில்லை.

இந்தப் புரட்டாசியில் கடையில் வாங்கிய விதையை விதைத்தேன். ஐந்து பாத்திகளும் கருகின. ஓராண்டு கழிந்தும் ஆறுதலாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அன்று பாடை கட்டியவர்களுக்கும், மூன்று வேளையும் சோறு சமைத்து அனுப்பிய பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டாருக்கும், பஸ் மாறி வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனை எரித்த மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகச் சுடுகாட்டுக்குப் போனோம். சாம்பலை அள்ளி, இடத்தைக் கொத்திச் சமன் செய்து, கடையில் வாங்கிய நவதானியத்தைத் தூவினோம். அண்ணி கொடுத்தனுப்பிய குடத்துத் தண்ணீரை அதன்மேல் நான் ஊற்றினேன்.